குடக்

நேற்று தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கோழிக் கடை முன்னால் நின்றிருந்தேன். கூண்டுக்குள் ஒரு கோழி, நெஞ்சில் இறகே இல்லாமல், உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சீக்குக் கோழியா என்று பக்கத்தில் நின்றவர் இந்தியில் கேட்டார். "பீமார் நஹீ ஜி, குடக் ஹை," என்றார் கடைக்காரர். சீக்கு இல்லை, குடக்; அடைக்கோழிக்கு இந்தியில் அதுதான் பெயராம். எனக்கு வந்த கோபத்தில் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். பாவம், கடைக்காரர் என்ன செய்வார்.

அது பழைய கோபம். நான் பள்ளியில் படித்தபோது அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுடையது தரைத்தள வீடு. அம்மா நாகர்கோவில்காரி, நர்ஸ். பின்பக்கம் ஒரு செவலைக் கோழி வளர்த்தாள், பதினொரு முட்டை அடை வைத்திருந்தாள். அது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டதைப் பார்த்து நான் அழுதேன். "முட்டையில மேலுச் சூடு படணும்லா மக்களே. அடைக்குப் படுத்திருக்கு, கிட்ட போவாத." இருபதாம் நாள் ஒரு முட்டையை என் காதில் வைத்தாள். உள்ளே கொத்துகிற சத்தம்.

மறுநாள் அம்மா டியூட்டிக்குப் போனதும் காலனிச் சங்கச் செயலாளர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஊரெல்லாம் பறவைக் காய்ச்சல் பேச்சு. மாடி வீட்டில் யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். கோழிக்கு என்ன என்று கேட்டார். 'அடை'க்கு இந்திச் சொல் எனக்குத் தெரியாது. 'படுத்திருக்கு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு "பீமார் ஹை" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "குடக் தோ நஹீ?" என்றார். புரியவில்லை. இந்தியில் முதல் மார்க் வாங்குகிற மகாராணி புரியவில்லை என்று சொல்வாளா? "நஹீ" என்றேன், ஜம்பமாக. கோழியையும் முட்டைகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துப் போனார்கள்.

அம்மா வந்து வெறுங்கூடையைப் பார்த்தாள்.

"அடைக்கோழின்னு நீ சொல்லலியா?"

"சொன்னேம்மா. அவரு கேக்கல."

அதன்பிறகு அந்த மனிதரைத் தெருவில் கண்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும்தான். ஹோலிக்கு அவர் வீட்டிலிருந்து வந்த இனிப்பைக் குப்பையில் கொட்டினோம். நான் அவரைத் திட்டாத திட்டு கிடையாது, நேற்றுவரை.

குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவரும் போய்விட்டார். அம்மா போய் நாலு வருஷம். கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை.

அவர் கேட்டார், அம்மா.