உறுமலில் தூங்கிய நரி

நின்ற லாரியில் இன்ஜின் ஓடினால் டிரைவரின் பரம்பரையையே திட்டுவார் அந்த மெக்கானிக். தான் எடுத்து வளர்த்த, தாயை இழந்த, காது கிழிந்த நரிக்குட்டிக்காக மட்டும் ஓடவிட்டார். இன்ஜின் உறுமலைக் கேட்டால்தான் அது அழுகையை நிறுத்தித் தூங்கும்.

“பெத்த புள்ள அழுதப்ப குறட்டை விட்டீங்க. இதுக்கு மட்டும் தாலாட்டா?” என்றாள் மனைவி.

“அப்ப தெரியல, இப்பதான் கத்துக்கிட்டேன்.”

மனிதரைக் கண்டால் ஓடப் பழக்கி, வளர்ந்ததும் காட்டில் விட்டார். அதில் அவருக்குப் பெருமைதான்.

ஒரு காலையில் டிரைவர் ஒருவர் சாக்குமூட்டையோடு வந்தார். “அண்ணே, காட்டு ரோட்டுல இன்ஜினை அணைக்காம கேபின்ல சாஞ்சிருந்தேன். இது டயருக்கடியில வந்து தூங்கியிருக்கு. தெரியாம வண்டிய எடுத்துட்டேன். நீங்க வளர்த்ததுதானே?”

மெக்கானிக் சாக்கை விலக்கி, கிழிந்த காதைத் தடவினார். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

“மொதல்ல அத ஆஃப் பண்ணுப்பா,” என்றார். திட்டவில்லை.