நூற்று நாற்பத்தோராவது அடிக்குறிப்பு

நியாகுத்தி எனக்குத் தரவேண்டியிருந்தது எண்ணாயிரத்து நானூறு ஷில்லிங். முந்நூறு பிரதி, நூற்றெண்பது பக்கம், தாள், மை, தையல் கூலி எல்லாம் அதில் அடக்கம். முன்பணமாக ஒரு காசு நான் வாங்கவில்லை. எண்பத்து மூன்றாம் வருடம் கென்யாவில் எங்கள் நியேரி ஊரில் நாலு அச்சகம் இருந்தன. மற்ற மூன்றிலும் அவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். என் கிச்சோகி அச்சகத்தில்தான் அவளுக்கு நாற்காலி கிடைத்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குஜராத்தி முதலாளி ஒருவரின் அச்சகத்தில் தரை துடைக்கப் போய், தலைகீழாகக் கிடக்கும் ஈய எழுத்தைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றேன். முப்பத்தோரு வயதில் சொந்த இயந்திரம் வாங்கினேன். பட்டம் பெற்றவர்கள் கொண்டுவந்த கைப்பிரதிகளில் பிழை பிடித்திருக்கிறேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. என் படிப்பு நின்றதும் அவள் எழுதிய புத்தகமும் ஒரே இடத்தில் தொடங்கியவை.

எங்கள் மலைச்சரிவில், மிஷன் பள்ளி வேண்டாம் என்று சனங்களே காசு போட்டுக் கட்டிய பள்ளிகள் இருந்தன. ஐம்பத்திரண்டில், வெள்ளைக்காரனுக்கு எதிரான கலகத்தை அடக்க நெருக்கடி நிலை வந்ததும் அவன் அரசாங்கம் அவற்றை மூடியது. எங்கள் பள்ளிக்குச் சிப்பாய்கள் வந்துபோன மூன்றாம் நாள், வருகைப் பதிவேட்டில் இருந்த பிள்ளைகளின் அப்பாக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து லாரியில் ஏற்றினார்கள். என் அப்பாவும் ஏறினார். திரும்பி வரவில்லை. பதிவேட்டைக் கொடுத்தது வாத்தியார் தெயூரிதான் என்று ஊர் முடிவு கட்டியது. அவரையும் அதே தடுப்பு முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே அவரோடு ஒரே சட்டியில் சாப்பிட யாரும் உட்காரவில்லை. எட்டு மாதத்தில் செத்தார். அவர் பெண்டாட்டி ஓடைக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்பார்கள். என் அம்மாவும் நின்றிருக்கிறாள்.

அந்தத் தெயூரியின் மகள்தான் நியாகுத்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்வி அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை தவறாமல் ரப்பர் செருப்பும் சாக்குப் பையுமாகக் கிளம்பிவிடுவாள். மூடப்பட்ட முப்பத்து நாலு பள்ளிகளின் கதையையும் கிழவன் கிழவிகளிடம் கேட்டு எழுதினாள். கூரைத் தகரம் யார் கொடுத்தது, வாத்தியாருக்குச் சம்பளமாகச் சோளம் எத்தனை மூட்டை, எல்லாம் கேட்டாள். பதினேழு வருடம். பல்கலைக்கழக ஆய்வு இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினாள். வாய்வழிச் செய்தி மட்டும் போதாது, எழுத்து ஆதாரம் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு நைரோபி போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தாள். நாலு வருடம் அப்படிப் போய்வந்த பிறகு எழுத்து ஆதாரம் கிடைத்தது.

அதை அவள் என்னிடம் காட்டிய நாளில் நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை அடிக்குறிப்புகளைப் பற்றி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் பொடி எழுத்தில் நாலு வரி, ஐந்து வரி. என்னிடம் இருந்த பொடி எழுத்து இரண்டே பெட்டி.

"வாத்தியார் மகளே, இத்தனை குறிப்பு யாருக்கு? எறும்பு படிக்கவா?"

"நான் சொல்றத நம்பாதவங்களுக்கு அண்ணே. அவங்கதான் கீழ பாப்பாங்க."

"நம்பாதவன் காசு குடுத்து வாங்குவானா?"

"வாங்க மாட்டான். இரவல் வாங்கியாவது பாப்பான். நீங்க எழுத்தக் கோத்துக் குடுங்க."

பிறகு, நூற்று நாற்பத்தோராவது குறிப்புக்கு இது என்று பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜையில் வைத்தாள். மாவட்ட அதிகாரியின் ரசீது. 'பள்ளி வருகைப் பதிவேடு ஒன்று பெறப்பட்டது. கொடுத்தவர்: முச்செமி வா தெயூரி.' கீழே கையெழுத்து.

நான் பெயரைத்தான் பார்த்தேன். 'வா' என்றால் எங்கள் மொழியில் இன்னாரின் மகன். எங்கள் வழக்கத்தில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம். தெயூரியின் மகன் முச்செமி, அவன் மகன் தெயூரி, அவன் மகன் மறுபடி முச்செமி. ஆக, அந்த வீட்டில் முச்செமி வா தெயூரி இரண்டு பேர். ஒருவர் வாத்தியாரின் அப்பா, கண் தெரியாத கிழவர், ஐம்பத்தைந்திலேயே போய்விட்டார். இன்னொருவன் நியாகுத்தியின் அண்ணன். என் வகுப்புக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். இப்போது சபை மூப்பர், காப்பிச் சங்கத்தில் பொருளாளர். அப்பாவின் நிலம் அவன் பெயரில். அதன் மூலையில் ஒரு குடிசையில்தான் இவள் பசுவோடு இருந்தாள்.

"அப்ப உன் தாத்தா குடுத்திருக்காரு" என்றேன்.

"தாத்தா விரல் ரேகைதான் வைப்பாரு. இது எழுத்து. முச்செமியோட அந்த 'எம்' எழுத்தப் பாருங்க, வால் கீழ இறங்கி மடங்குது. அப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. நானும் அப்படித்தான் போடறேன். அண்ணன் இப்பவும் சங்கத்து ரசீதுல அப்படித்தான் போடுது."

என் கை அச்சுக்கோப்புச் சட்டத்தின் மேல் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது முச்செமி பதின்மூன்று வயதுப் பையன். அவனோடு நான் கோலி விளையாடியிருக்கிறேன். என் அப்பாவின் பெயரும் அந்தப் பதிவேட்டில்தான் இருந்தது.

"பேர மட்டும் போடு" என்றேன். "ரசீது இருக்கு, முச்செமி குடுத்தாருன்னு சொல்லி விட்டுடு. படிக்கிறவன் கெழவர்னு நெனச்சுக்குவான். உங்கப்பா பேரும் சுத்தமாயிடும்."

"முப்பது வருஷமா ஊரு ஒரு தப்பான ஆளச் சொல்லிட்டிருந்துச்சு. நான் இன்னொரு தப்பான ஆளக் காட்டவா? அதுக்கா இவ்ளோ நடந்தேன்?"

அண்ணனிடம் மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் அவன் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டானாம்.

செய்தி எப்படியோ கசிந்தது. அடுத்த வாரமே முச்செமி அச்சகத்துக்கு வந்தான். கோட்டு, தொப்பி, கையில் தடி. என் ஆட்களை வெளியே போகச் சொன்னான். என் அச்சகத்தில் என் ஆட்களை! நான் கண்ணைக் காட்டினேன், போனார்கள்.

"கிச்சோகி, அவ உனக்கு எவ்வளவு தரணும்?"

"எட்டாயிரத்து நானூறு."

"பதினேழாயிரமா நான் தரேன். நூத்தி நாப்பத்தொண்ணாவது குறிப்ப எடுத்துடு. இல்ல, தாத்தான்னு ஒரு வார்த்த சேத்துடு. செத்தவருக்கு வலிக்காதுல்ல."

"எங்கப்பனும் செத்தவருதான்டா."

அவன் தொப்பியைக் கழற்றினான். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, உட்காரவில்லை.

"நான் வகுப்புத் தலைவன்டா. பதிவேடு எங்கிட்டதான் இருக்கும். பேரெல்லாம் தந்தா பள்ளிக்கூடத்தத் திரும்பத் தெறப்போம்னான் தொர. கையெழுத்துப் போடத் தெரியுமான்னு கேட்டான். தெரியும்னு போட்டேன். அழகா இருக்குன்னான்."

"இத அப்படியே உன் தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லு. அதே குறிப்புல இதையும் போடுவா. நாலு வரி கூட ஆகும். அதுக்கு நான் கூலி வாங்க மாட்டேன்."

"சபைல என்ன மூஞ்சி வச்சிட்டு நிப்பேன்?"

"உங்கம்மா ஓடைல எந்த மூஞ்சியோட நின்னாங்களோ அதோட."

அவன் போய்விட்டான். தங்கையிடம் போகவில்லை. நான் சொன்னேன், அவள் எழுதிக்கொள்ள மறுத்தாள். அவன் வாயால் அவளிடம் சொல்லாததை ஆதாரமாக வைக்க முடியாதாம். என் அச்சகத்துக்குள் நின்று அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன் என்றேன். "நீங்க பாதிக்கப்பட்ட ஆளு அண்ணே. உங்க சாட்சிய எடுத்தா, கோவத்துல சொன்னதும்பாங்க" என்றாள். படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் அண்ணனைக் கொஞ்சம் காப்பாற்றக்கூடிய வரியையும் சட்டம் பார்த்து விலக்கியவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் குறிப்பை நானே கோர்த்தேன். பொடி எழுத்தில் ஏழு வரி. பிழை ஒன்றுகூட இல்லை.

புத்தகம் வந்தது. நூறு பிரதிகூட விற்கவில்லை. ஆனால் ஒரு பிரதி இருபது வீடு சுற்றியது. எல்லாரும் நேராக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார்கள். சபையில் முச்செமியின் மூப்பர் நாற்காலி காலியாகவே கிடந்தது. காலி செய்யச் சொன்னவர் யாரும் இல்லை, அவனே போவதை நிறுத்திவிட்டான். வாத்தியாரின் பெயர் சுத்தமானது என்று யாரும் வந்து நியாகுத்தியிடம் சொல்லவில்லை. கூடப்பிறந்தவனை விற்றவள் என்றுதான் சந்தையில் பேச்சு. ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது குடிசையின் கதவு கழற்றப்பட்டிருந்தது. படுக்கை, சட்டி, குறிப்பேடுகள் எல்லாம் வேலிக்கு வெளியே மழையில். பசு மட்டும் வேலியில் கட்டியிருந்தது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கரட்டினாவில் ஓர் ஒற்றை அறைக்குப் போனாள்.

அதோடு இன்னொரு பேச்சும் கிளம்பியது. கிச்சோகியின் அப்பன் அந்தப் பட்டியலில் செத்தவன், பழி தீர்க்கக் கிச்சோகிதான் காசு போட்டு எழுத வைத்தான் என்று. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து வந்தாள். இளைத்திருந்தாள். பசுவை விற்ற பணமும் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் செய்தித்தாளில் சுற்றிக் கையில் இருந்தன.

"வேணாம் தங்கச்சி" என்றேன். "நான் கேட்டேனா? இந்த ஊருல எங்கிட்ட இல்லாத காசா?"

"நீங்க வாங்கலேன்னா அது உங்க புத்தகம்னு ஆயிடும் அண்ணே. அப்புறம் நூத்தி நாப்பத்தொண்ணு வெறும் பகை. கைய நீட்டுங்க. உங்க ஆளுங்களக் கூப்பிடுங்க, அவங்களும் பாக்கட்டும்."

கூப்பிட்டேன். மூன்று பேரும் மைக்கறைக் கையோடு வந்து நின்றார்கள். நான் கையை நீட்டினேன். அவள் ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். நூறு தாள்கள் கொஞ்சம், இருபது தாள்கள் நிறைய, கடைசியில் கசங்கிய பத்துகள். எட்டாயிரத்து முந்நூற்று எழுபது, எண்பது, தொண்ணூறு. கடைசித் தாளைக் கட்டைவிரலால் நீவி நிமிர்த்தி என் உள்ளங்கையில் வைத்து, "நானூறு" என்றாள்.