ஸ்டெல்லா வாசித்த வேதப் பாடம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சேர்ச்சில் ஒரு பிள்ளை பைபிள் வாசித்ததைக் கேட்டு நான் பயந்துவிட்டேன். சிரிக்காதீர்கள்... நிஜமாகவே பயம்!

வாசித்தவள் ஸ்டெல்லா. நிவித்திகலப் பக்கம் நான் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டு. கணீரென்ற குரல், திக்கவே மாட்டாள். அவளை வாசிக்கச் சொன்னதே நான்தான். அடுத்த வேதப் பாடத்தை வாசிக்கவேண்டியது நான் என்பதால் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் வாசித்தது ஏசாயா. பைபிளில் திறந்திருந்ததோ சங்கீதப் பகுதி!

ஜன்னல் காற்றில் பக்கங்கள் புரண்டிருந்தன. அவள் விரல் மட்டும் வரி வரியாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. சபை முழுக்க உருகிக் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஸ்டெல்லா... உனக்கு வாசிக்க வராதா?"

முகம் வெளுத்துவிட்டது.

"எழுத்தெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக்குது டீச்சர். தங்கச்சி ரெண்டு வாட்டி வாசிச்சா எனக்கு மனப்பாடம் ஆயிரும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஸ்கூல விட்டு நிப்பாட்டிருவாங்க."

பதினொரு வருஷம்! எத்தனை டீச்சர்மார் ஏமாந்திருக்கிறோம்? கணக்கை நான் வாயால் சொல்லி முடிக்கும் முன்பே விடை சொல்வாள். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் நாற்பது தாண்டாது. சிவப்புப் பேனையால் 'கவனயீனம்' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன் — அதையும் அவளால் வாசித்திருக்க முடியாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு இப்படி ஒரு குறையா? இருக்கலாம். கெட்டித்தனம் குறையை மூடிவிடும், குறை கெட்டித்தனத்தை மூடிவிடும். நடுவில் பிள்ளை மூச்சுமுட்டிக் கிடக்கும்.

இன்னும் சில மாதங்களில் அரசாங்கத்தின் ஓ.எல். பரீட்சை. அங்கே தாளை வாசித்துக் காட்டத் தங்கச்சி வருவாளா? ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் டொக்டரின் கடிதம் வாங்கி விண்ணப்பித்தால் கூடுதல் நேரமும், வாசித்துக் காட்ட ஒருவரும் கிடைக்கலாம் என்றார் எங்கள் பள்ளிக்கூட அதிபர். ஆனால், படிவத்தில் தாய் கையெழுத்துப் போடவேண்டும்.

ஸ்டெல்லாவைச் சம்மதிக்க வைக்கவே மூன்று நாள் போனது. நான்காம் நாள் பின்னேரம் அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஸ்டெல்லா சொன்னதை அப்படியே சொன்னேன். வெடித்துவிட்டார்.

"எம் புள்ளைக்கு ஒன்னுமில்ல டீச்சர்! கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனா நாளைக்கே டவுன் பூரா 'பிஸ்ஸு'ன்னு பேரு வச்சிருவாங்க. பைத்தியம்னு பேரு விழுந்தா நம்மளால அழிக்க முடியுங்களா?"

இவர் மறுத்தால் அவ்வளவுதான்... இத்தனை மூளையும் கொழுந்துக் கூடைக்குள் போய்விடும். கதவோரம் ஸ்டெல்லா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவை வாசித்துப் பாருங்களேன்" என்று படிவத்தை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படித்தாங்க ஏறிக்கும்" என்றார் மெதுவாக. "எட்டாவதுல அடி தாங்க முடியாமத்தான் ஸ்கூல விட்டு நின்னேன். இந்தப் புள்ளைக்கும் வந்திருமோ வந்திருமோன்னு பொறந்ததிலேருந்து பயம். சேர்ச்ல இவ வாசிச்சப்பதாங்க நிம்மதியா இருந்திச்சு."

ஸ்டெல்லா ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். படிவத்தை நான் வாசித்தேன், இருவரும் கேட்டார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார்.

கிளினிக் வரும் புதன்கிழமை. டொக்டர் என்ன சொல்வாரோ, கடிதம் நேரத்துக்குக் கிடைக்குமோ... பயம் இன்னும் போகவில்லை.

மகளுக்காவது ஒரு படிவம் இருக்கிறது. அம்மாவுக்கு எதை நிரப்பிக் கொடுப்பது?