ஞாயிற்றுக்கிழமைக் கத்தி

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். செங்கல் சூளை, லாரி, பெங்களூர் ஓட்டல் என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணிக்கே திரும்பி, ஒரு முதலாளி வீட்டுப் பட்டுத்தறியில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் பழகிய தொழில். கை நெய்யும், மனம் தறிக்குழிக்கு வெளியே நிற்கும்.

ஒரு ஞாயிறு, கண்ணமங்கலம் சாலையில் கறி வாங்கப் போனேன். உரிக்கிற ஆள் வரவில்லை. கடைக்காரன் என் வயதுக்காரன், முன்கோபி.

"சும்மாதான நின்னுகினு இருக்க. வந்து காலப் புடி."

தொங்கிய ஆட்டின் தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டுத் தள்ளச் சொன்னான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு கிழிசல் இல்லாமல் தோல் சட்டைபோலக் கழன்று வந்தது. உடம்பு சிலிர்த்தது. வேறு எந்த வேலையிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

அதன் பிறகு ஆறு நாள் தறி, ஞாயிறு கத்தி. மூட்டு எங்கே விலகும் என்று விரல் தேடும். அங்கே கத்தி இறங்கினால் தொடை சத்தமில்லாமல் தனியே வரும். தப்பாக வெட்டினால் கடைக்காரன் கத்தியின் முதுகால் என் விரல் முட்டியில் அடிப்பான். "எலும்பத் தூளாக்காத. ஜல்தி போடு, பாத்துப் போடு." ஒருமுறை என் இடது கட்டைவிரல் நுனியே போய்விட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் நெய்தேன். கதவு நசுக்கியது என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த வீட்டில் கறி ஆகாது.

ஒரு திங்கட்கிழமை கல்யாண வீட்டுக்காரர் ஒருவர், மகளின் முகூர்த்தப் புடவையைத் தறியிலேயே பார்க்க வந்தார். சரிகையைப் பார்க்கக் குனிந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து எனக்குக் கறி வெட்டனது நீதான?"

முதலாளி என் முடியைப் பிடித்துக் குழியிலிருந்து இழுத்தார். ஊடை ஓட்டும் நாடாக்கட்டையின் இரும்பு முனையால் வாயில் அடித்தார். உதடு பிளந்தது.

"ரத்தம் தொட்ட கையால முகூர்த்தப் பொடவ நெய்யிறியா? பொடவ மேல ஒழுக்காதடா."

வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினேன். கற்பூரம் ஏற்றித் தறிமுன் வைத்தார்.

"இனிமே கத்தி தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. தறி ஒனக்கு. இல்லன்னா இந்தத் தெருவுல எவனும் ஒனக்குத் தறி குடுக்க மாட்டான்."

நான் கையூன்றி எழுந்து நின்றேன். மறுபடி ஓங்கினார். அந்தக் கையைப் பிடித்தேன். என் கட்டைவிரல் அவர் முழங்கையில் போய் உட்கார்ந்தது, சரியாக மூட்டு விலகும் இடத்தில். எவ்வளவு அழுத்தினால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், கை தளர்ந்தது. விட்டுவிட்டு வெளியே நடந்தேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

நேராகக் கடைக்குப் போனேன்.

"திங்கக்கெழம எவன்டா கறி துன்றான்?" என்றான் கடைக்காரன். என் வாயைப் பார்த்தான். பிறகு ஒரு கத்தியையும் சாணைக்கல்லையும் என் பக்கம் தள்ளினான்.

கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்துக்குக் கறி வாங்க அதே மனிதர் வந்தார்.

"அந்த ஆளையே வெட்டச் சொல்லுங்க. அவன் வெட்டனா எலும்புச் சில்லு வராது."

"முகூர்த்தப் பொடவைக்கு ஆவாத கை, விருந்துக்கு ஆவுதா?" என்றான் கடைக்காரன்.

அவர் என் உதட்டுத் தழும்பைப் பார்க்காமல் பையை நீட்டினார். நான் தொடையை இழுத்துப் புளியங்கட்டைமேல் போட்டேன். விரல் மூட்டைத் தேடியது.