கணக்கில் வந்த கணவனும் மனைவியும்

விருத்தாசலத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுகிறவர்களுக்கான டுடோரியலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். நான் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து நகத்தில் களிமண்ணோடு போவேன். அவர் மங்கலம்பேட்டையிலிருந்து புர்கா அணிந்து பஸ்ஸில் வருவார். கல்யாணமான கையோடு துபாய்க்குப் போன கணவர் அப்போது இன்னும் திரும்பியிருக்கவில்லை.

எந்தக் கணக்கானாலும் அதில் வருகிற மனிதர்களை விசாரிக்காமல் பேனாவை எடுக்க மாட்டார். "இந்தப் பழக்காரருக்குப் பிள்ளைங்க இருக்குதாங்க?" என்பார்.

அன்று வந்தது வயதுக் கணக்கு. கணவன், மனைவி வயதைக் கூட்டினால் ஐம்பத்திரண்டு. கணவன் ஆறு வயது மூத்தவர். இரண்டு சமன்பாடுகளையும் கூட்டி, இருபத்தொன்பது, இருபத்துமூன்று என்று சரியாகவே விடை எழுதினார். பிறகு என்னைக் கேட்டார்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டுலதான் இருக்காங்களா?"

"கணக்குல அது போடலைங்களே," என்றேன்.

பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, "எக்ஸ் என்க, ஒய் என்க" என்று கணக்கைத் தொடங்குவோமே, அதே மாதிரி, "இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்க" என்று விடைக்குக் கீழே எழுதினார்.

வாத்தியார் விடைக்கு டிக் போட்டார். கடைசி வரியில் சிவப்புப் பேனா சற்று நின்றது. அதை அடிக்காமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பரீட்சைக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் கணவர் ஊர் வந்து சேர்ந்தாரா என்று கேட்க எனக்கு ஆளில்லை.