வண்டி அவசரம்

நாகபூஷணத்தின் வலக்கை சக்கரத்தை மெல்லச் சுண்டிவிட்டது. இடக்கை ஒரு சாக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்திருந்தது. சுற்றி வந்த ரிம் ஓரிடத்தில் மட்டும் சாக்கட்டியை உரசி வெள்ளைக் கோடு வாங்கிக்கொண்டது. கோட்டம் அங்கேதான். எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இந்தப் பக்கத்துக் கம்பியை அதே அளவு தளர்த்தி, மறுபடியும் சுண்டினான். கோடு கொஞ்சம் குட்டையானது. உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோல்போலக் காய்த்திருந்தன.

"இன்னும் முடியலியா? உன் வாய் சுத்தற வேகத்துக்குக் கை சுத்தல போலக்கீதே," என்றாள் கடை வாசலில் தரையோடு உட்கார்ந்திருந்த செங்கம்மா.

"வாய மூடிக்கினு உக்காருமே. கோணச் சக்கரத்தக் குடுத்தா அதுக்கும் என்னைத்தான் திட்டுவ."

"நேராக் குடுத்தாலும் திட்டுவேன்."

புத்தூர்க் கடைத்தெருவில் நாகபூஷணத்திடம் இப்படிப் பேச வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது. நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லையில் லாரி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பூனாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே ஒரு டாக்டர் அவனைப் போன்றவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூடைப்பந்து ஆடப் பழக்கினார். ஆஸ்பத்திரிகளுக்கிடையே நடந்த ஆட்டங்களில் நாகபூஷணம் பேரைக் கேட்டாலே எதிரணி முகம் சுளிக்கும். பந்தோடு வருகிறவனின் சக்கரத்தைத் தன் சக்கரத்தால் இடித்து நிறுத்துவான். அவன் நிமிர்வதற்குள் பந்து கூடையில் இருக்கும். ஊர் திரும்பும்போது, ஆட்டத்துக்கென்றே கட்டிய ஒரு ஜோடி சக்கரங்களைச் சண்டை போட்டு வாங்கிவந்தான். சைக்கிள் கடை வைத்த பிறகும் அவை சுவரில் தனியாகத் தொங்கின. யாரும் தொடக்கூடாது.

ஆந்திரா பிரிந்து மூன்று வருஷமாகியும் எந்த ஊர் யாருக்கு என்ற தகராறு தீரவில்லை. எல்லைக் கூட்டங்களுக்கு ஆள் சேர்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த வேதாச்சலம், இவனைப் பார்த்ததும் மேடையேற்றாமல் விடவில்லை. மேடையில் முதலில், சுவரிலிருந்து இறக்கி மாட்டிய அந்தச் சக்கரங்களில் நாற்காலி வட்டமடிக்கும். பந்தல் காலில் கட்டிய பிரப்பங்கூடையில் பந்து விழும். அப்புறம் ஏச்சு. "செத்த கால வச்சிக்கினு நான் ஓடறேன். உயிரோட ரெண்டு காலு கீற நீங்க இன்னாடா கிழிக்கிறீங்க? மனசு வேணும்டா, மனசு!" அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளவே ஜனம் வந்தது. எல்லைக்குச் சம்பந்தமில்லாத பள்ளிக்கூட விழாக்களுக்கும் அவனைக் கூப்பிட்டார்கள்.

போன மாதம் புத்தூர்ச் சந்தைத் திடலில் அவன் 'மனசு வேணும்டா' என்ற இடத்துக்கு வந்தபோது, முன்வரிசைத் தரையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. செங்கம்மா. நாராயணவனத்துப் பக்கம் வேளாண்மை செய்யும் குடும்பம். புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து கைகளில் மரக்கட்டையைப் பிடித்து ஊன்றி, தரையோடு நகர்கிறவள்.

"யோவ்! மனசு எனக்குந்தான் கீது. எனக்கு ஒரு வண்டி அவசரம்யா!"

கூச்சலில் மேடைக்கு எட்டியது 'வண்டி அவசரம்' மட்டுந்தான். அந்தச் சீமையில் அவசரம் என்றால் தேவை. தெலுங்கிலிருந்து வந்து தமிழில் குடியேறிவிட்ட பொருள். வேதாச்சலத்துக்குத் தெரிந்ததோ சென்னை அவசரம். ஒலிபெருக்கியைப் பிடித்து, "அந்த அம்மையாருக்கு ரயிலுக்கு நேரமாகிறதாம். தொண்டர்கள் உடனே உதவவும்!" என்றார்.

தொண்டர்கள் அவளை அலாக்காகத் தூக்கினார்கள். அவள் இரண்டு பாஷையிலும் வைதாள். புரிந்துகொண்ட உள்ளூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாகபூஷணத்துக்கும் புரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறக்கிவிட்டிருப்பார்கள். ஆனால் இறக்கிவிட்டால் மறுபடியும் அதையே கேட்பாள். கூட்டமோ அவன் பக்கம் இருந்தது.

"போய்ட்டு வாம்மே!" என்றான் மைக்கில்.

திடல் அதிர்ந்தது. தொண்டர்கள் அவளை ரேணிகுண்டா போகிற ரயிலிலேயே ஏற்றிவிட்டு வந்தார்கள். மறுநாள் மத்தியானம் திரும்பிவந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேராக அவன் கடைக்கு வந்தாள்.

"அந்த மெட்ராஸ் ஆளுக்கு பாஷ தெரியாது, வுடு. உனக்குத் தெரியுமில்ல?"

அவன் அவளைத் துரத்தப் பார்த்தான். மறுநாளும் வந்தாள். நகரியில் நடந்த அடுத்த கூட்டத்தில் அவன் 'மனசு' என்று வாயெடுத்ததுமே எவனோ, "வண்டி அவசரம்யா!" என்று கத்தினான். ஜனம் சிரித்த சிரிப்பில் பந்து கூடைக்கு வெளியே விழுந்தது. இவளுக்குப் பதில் சொல்லாமல் இனி எந்த மேடையிலும் வாய் திறக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பழைய சைக்கிள் பிரேம்களை அறுத்து, கொல்லர் ரங்கையாவிடம் பற்றவைத்து, அவளுக்கு ஒரு சக்கர நாற்காலி கட்டினான். சாதாரண சைக்கிள் சக்கரம் அவள் கை வலுவுக்குத் தாங்கவில்லை. உருட்டிப் பார்த்த அன்றே பக்கவாட்டில் மடங்கி அவளைக் கீழே தள்ளியது. அவள் வைத வசவில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்குத்தான் சுவரிலிருந்த ஜோடியை இறக்கினான். அதைத்தான் இப்போது கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான்.

வேதாச்சலம் உள்ளே வந்தார். "ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் கூட்டம். அந்த வட்டத்தை இரண்டு தரம் அடித்துவிடுங்கள்... அடடா, இந்தச் சக்கரத்தை ஏன் இறக்கினீர்கள்?"

"இது அந்தம்மாவுக்கு. எனக்கு இனிமே மேடை அவசரம் இல்ல, சார்."

"அவசரமே இல்லை! சாயங்கால ரயிலுக்கு வந்தால் போதும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

செங்கம்மா தரையில் கையடித்துச் சிரித்தாள். "உன்னையும் தூக்கினு போய் ரயில்ல ஏத்தி வுடச் சொல்லேன்!"

நாகபூஷணம் மறுபடியும் சுண்டினான். சக்கரம் சுற்றியது, சாக்கட்டி எங்கேயும் உரசவில்லை. இரண்டையும் மாட்டி, நட்டை முறுக்கி, நாற்காலியை வாசலுக்குத் தள்ளினான்.

"ஏறு."

"புடிக்காத."

கட்டைகளை வீசிவிட்டு, கைகளை ஊன்றி, தம் பிடித்து ஏறினாள். ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினாள், அவன் மேடையில் செய்ததுபோலவே. நாற்காலி விருட்டென்று திரும்பி அவன் நாற்காலியில் மோதியது.

"இடிக்காதமே!"

"நீதானே இடிச்சி ஆடினவன்?"

அவன் கம்பி முறுக்கும் சாவியை எடுத்து அவள் மடியில் எறிந்தான். "கோட்டம் வுழுந்தா எதிர்ப்பக்கம் இறுக்கு. இங்க வராத."

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் உருண்டாள்.