மாமனாருக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பன்றி

என் மாமனாருக்கு அறுபது வயது நிறைந்தபோது, திருக்கடையூருக்குப் போய் மறுபடி தாலி கட்டிக்கொள்ளலாமா, காசிக்குப் போகலாமா என்று அத்தை கேட்டார். இரண்டும் வேண்டாம், ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகப்போகிறேன் என்றார் மாமா. அந்த வருடம் தக்காளி விலை ஏறிக் கிடந்தது. பாலக்கோடு மண்டியில் எங்கள் கூடைகளை வியாபாரிகள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கையில் காசு புரளும் மனுசனை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் மட்டும் போனில், அப்பாவுக்கு அந்த வேட்டை வீடியோக்களை எல்லாம் காட்டியது யார் என்று விசாரித்தார். நான்தான் காட்டினேன். அதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறவள். அதனால் எங்கள் வீட்டுக்குள் நுழையும் ஆங்கிலம் எல்லாம் என் தலையில்தான் விடியும். பூச்சிமருந்து டப்பாவில் இருப்பதைப் படிக்க வேண்டுமா, இன்சூரன்ஸ் பாரத்தை நிரப்ப வேண்டுமா, கூப்பிடு மருமகளை. ஆப்பிரிக்காவும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

மாமா வேட்டைக்குப் போவதில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்கே துப்பாக்கிக்காரர் வூடு என்றுதான் பெயர். பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் போய் வாங்கி வருவார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது தரகர் இந்தப் பெயரைச் சொல்ல, என் அப்பா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு காட்டுப்பன்றி. கல்யாணப் பந்தியிலேயே எனக்கு மூன்று பேர் அந்தக் கதையைச் சொன்னார்கள். இருபது வருடத்துக்கு முன்னால், கடலைக்காட்டை உழுது போட்டது மாதிரி கிளறிக்கொண்டிருந்த பன்றியை மாமா ஒரு விடியற்காலையில் ஒரே குண்டில் சாய்த்தாராம். பக்கத்துக் காட்டுப் பங்காளிதான் முதலில் பார்த்து, "அண்ணன் சுட்டுட்டாரு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாராம். நாற்பது வீட்டுக்கும் கறி பங்கு போனது. தலையும் ஒரு தொடையும் வேட்டை முறைப்படி மாமாவுக்கு. மறுநாள் வனத்துறை ஆள் வந்து விசாரித்தபோது, பன்றி கிணற்றில் விழுந்து செத்துவிட்டது என்று ஊரே ஒரே குரலில் சொல்லிவிட்டது. அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து எங்கள் ஊரில் யாராவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், "ஆமா, கெணத்துல விழுந்துச்சு" என்று கண்ணைச் சிமிட்டுவார்கள்.

இணையத்தில் தேடி, தென்னாப்பிரிக்காவில் வேட்டைக்குக் கூட்டிப்போகும் ஒருவரைப் பிடித்தேன். அவர் விலைப்பட்டியல் அனுப்பினார். ஒவ்வொரு மிருகத்துக்கு எதிரிலும் ஒரு தொகை. மாமா அதை மண்டிச் சீட்டைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். வரிக்குதிரை இரண்டு எடுத்தால் விலை குறையுமா என்று கேட்கச் சொன்னார். குறையாதாம். எருமைக்குப் போட்டிருந்த தொகையைக் கேட்டதும் அத்தை வெளியே வந்துவிட்டார். எருமையைச் சுடுவதற்கு அவ்வளவு காசும் அவ்வளவு தூரமும் எதற்கு, கடத்தூர்ச் சந்தையில் வாங்கினால் பாலாவது கறக்குமே என்றார். அது வேறு எருமை அத்தை, முட்டினால் ஆளே மிஞ்சாது என்று நான் விளக்கினேன். அப்படியானால் அதற்கு அவர்கள்தான் நமக்குக் காசு தர வேண்டும் என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார். எனக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

மாமாவின் விரல் பட்டியலின் அடியில் போய் நின்றது. அங்கே இருந்தது பன்றி. ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி, வளைந்த கொம்புபோல் இரண்டு பல், முகமெல்லாம் மரு. இருப்பதிலேயே மலிவு.

"இது ஒண்ணு போதும்மா" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மானும் வரிக்குதிரையும் இருக்க, விமானம் ஏறிக் கடல் தாண்டிப் போய்ப் பன்றியையா சுடுவது? நம் கடலைக்காட்டில் இல்லாத பன்றியா? நம் பன்றியைத் தொட்டால் கேஸ் என்றார் மாமா. அதுவும் சரிதான். நம் காட்டைத் தின்கிற பன்றியை அதட்டுவதற்கே நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கே பணம் கட்டினால் ரசீது கொடுத்துச் சுடச் சொல்கிறார்கள்.

அடுத்து கறிப் பிரச்சினை வந்தது. சுட்டவருக்குக் கறி கிடையாது, படம் எடுத்துக்கொள்ளலாம், கறியெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போகும் என்று அந்தத் தென்னாப்பிரிக்காக்காரர் எழுதியிருந்தார். மாமா முகம் சுருங்கிவிட்டது. தலைகூடக் கிடையாதா என்று கேட்டு எழுதச் சொன்னார். தலையைச் சமைப்பதற்காகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று பதில் வந்தது. ஊருக்குள் அதை யார் பங்கு போடுவது, சண்டை வராதா என்று இன்னொரு கேள்வி. அங்கேயும் ஒரு பெரியவர் இருந்து வீட்டுக்கு வீடு பிரிப்பாராம். அதைக் கேட்டதும் மாமா சமாதானமாகிவிட்டார். ஊர் தின்றால் சரி என்றார்.

கடைசியில் அவர் நிரப்பச் சொன்ன பாரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிரப்பினேன். பெயர், வயது, ரத்த அழுத்தம், செருப்பு அளவு எல்லாம் ஆனது. இதுவரை சுட்ட பெரிய மிருகங்கள் எத்தனை, இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று எழுதவும், இது உங்கள் பாதுகாப்புக்காக என்று ஒரு கேள்வி. நான் கேட்காமலே ஒன்று என்று போட்டேன்.

"என்னம்மா போட்ட?"

"ஒண்ணுங்க மாமா. நம்ம பன்னி."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அழிச்சிடும்மா. அது கெணத்துலதான் விழுந்து செத்துச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஊரே சொல்கிற பொய்தானே அது. ஆப்பிரிக்காக்காரனுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்றுகூடக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வனத்துறைக்கு ஊர் சொன்ன பொய்தான் உண்மை. மிச்சத்தை அவரே சொன்னார். அன்று பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். சத்தத்துக்கு மிரண்டு ஓடிய பன்றி, சுற்றுச்சுவர் இல்லாத பங்காளியின் கிணற்றில் விழுந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் ஊர் அவரை வேட்டைக்காரர் ஆக்கிவிட்டது. இல்லை என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. அப்புறம் இருபது வருடமும் வரவில்லை.

"இப்பச் செத்தா, சுடாத துப்பாக்கிக்காரனாத்தான் சாவணும். அதுக்கு முன்னால நெசமாலுமே ஒரு பன்னிம்மா" என்றார்.

எத்தனையோ வருடமாக என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானும் இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கோபம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர் மேல் வந்த இரக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தங்கத்தில் பல் கட்டினால்கூட ஊரைக் கூட்டிக் காட்டுகிற மனுசன், இதை மட்டும் ஒரு ஆளிடமும் சொல்லாமல் இவ்வளவு காலம் சுமந்திருக்கிறார்.

சாட்சி இல்லாத வேட்டை வேட்டையே இல்லை என்பது மாமாவின் கட்சி. அதனால் கிணற்றுக்காரப் பங்காளியையும் கூட்டிப்போக நினைத்தார். நான் அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். பொய்யை மறைத்து அவனைக் கூட்டிப்போவது பாவம், முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மாமா கிளம்பினார். பாஸ்போர்ட் விஷயம் பேச என்னையும் அழைத்துக்கொண்டார்.

சின்ன மாமா காட்டில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சொல்லி முடித்தார். சின்ன மாமா கையில் இருந்த அழுகல் பழத்தைத் தூர எறிந்தார்.

"ஏண்ணா, அதை வாட்டி அறுத்தவனே நான்தானே. குண்டு பட்ட ஓட்டை இருந்தா என் கண்ணுல படாதா?"

மாமா அங்கிருந்த காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். தெரிந்துமா சுட்டுட்டாரு என்று கத்தினாய் என்று கேட்டார்.

"விழுந்த சத்தம் கேட்டு ஓடுனேன். அப்பத்தான் உசுரு போயிருந்துச்சு. கெணத்துல செத்துக் கெடந்துச்சுன்னா ஒருத்தன் வாயில வெப்பானா? நீ சுட்டதுன்னதும் நாப்பது வூட்டுலயும் கறி கொதிச்சுது. அந்த வருசம் மழையே இல்ல, மறந்துட்டியா? இதப் போயி நான் எதுக்கு வெளிய சொல்லணும்."

அவருக்கும் மாமாவுக்கும் நடுவில் வரப்புத் தகராறு ஒன்று ஏழு வருடம் ஓடியிருக்கிறது. முகத்தில் முழிக்காமல் இருந்த காலம் அது. அந்த ஏழு வருடத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் முதல் வாரத்திலேயே மைக் போட்டுச் சொல்லியிருப்பேன்.

மாமாவுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. நேராக டீக்கடைக்குப் போய், இருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், நான் பன்றியைச் சுடவில்லை, அது கிணற்றில்தான் விழுந்தது என்று சொன்னார். கடையே சிரித்தது. ஆமாங்க, கெணத்துலதான் என்று ஒருவர் கண்ணைச் சிமிட்டினார். வெளிநாட்டு விசாவுக்காக விசாரணை வருகிறது போல, நாமும் அப்படியே சொல்லிவிடுவோம் என்று இன்னொருவர் எல்லோரையும் எச்சரித்தார். மாமா குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்யப்போனார். எதற்குங்க பொய்ச் சத்தியம் என்று கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்கள். சின்ன மாமா வந்து சாட்சி சொன்னார். பங்காளி பங்காளியைக் காப்பாற்றுகிறார், ரத்தம் விட்டுப்போகுமா என்று அவரையும் பாராட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"ஒருத்தன் நம்பலம்மா" என்று மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கடன் கட்டப் போன மனுசனைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பியது மாதிரி இருந்தது அவர் முகம்.

அன்று சாயங்காலமே பாரத்தில் இருந்த ஒன்றை அழித்துப் பூஜ்ஜியம் என்று போட்டு அனுப்பினேன். மாமா சொன்னபடி, அதற்குக் கீழே கிணற்றுக் கதையையும் நாலு வரியில் எழுதினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மாமாவை உட்காரவைத்துத் தமிழில் படித்தேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, எங்களுக்கு அதுதான் முக்கியம். முதல் மூன்று நாள் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், என்னோடு காட்டில் நடங்கள். அதற்கப்புறம் சுட மனம் வந்தால் சுடலாம், வராவிட்டால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்.

மாமா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நாம எழுதுனத அப்படியே நம்பிட்டானா?"

"நம்பிட்டாருங்க மாமா."

"சாட்சி எதுவும் கேக்கல?"

"கேக்கலைங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அத்தை உள்ளே இருந்து எட்டிப்பார்த்து, எருமை விலை இன்னும் ஏறிவிட்டதா என்று கேட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இவனிடமே போகலாம், பங்காளிக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் போட்டுவிடும்மா என்றார்.